ஒரே முகம், இரண்டு தட்டு

பெரியம்மா போன வாரம் விட்டுப்போன துணிப்பையைச் சுண்டு காலால்கூடத் தொடவில்லை. வியாழக்கிழமை காலை தொட்டுவிட்டாள். அன்றைக்குப் பிறந்த நாள். போட்டுக்கொள்ள வேறு நல்ல துணி இல்லை. பாவம், ரோஷம் அதுவரைக்கும்தான் தாக்குப்பிடித்தது.

பைக்குள் இருந்ததெல்லாம் பெரியம்மா மகள் பட்டு போட்டுக் கழித்தவை. கழித்தவை என்று பெயரே தவிர, ஒன்றிலும் நூல் பிரியவில்லை, சாயம் போகவில்லை. நீல நிறத்தில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. உட்காராமல் எங்கே போகும்? இரண்டு பேருக்கும் ஒரே தோள், ஒரே இடுப்பு, ஒரே முகம். வயிற்றெரிச்சலே அதுதான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சுண்டுவும் பட்டுவும் இரட்டையர். பிறந்த கையோடு அப்பா போய்ச் சேர்ந்தார். இரண்டைத் தூக்கி வளர்க்கத் தெம்பில்லாத அம்மா, பிள்ளையில்லாத தன் அக்காவிடம் ஒன்றைக் கொடுத்தாள். எதைக் கொடுப்பது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் எது அழாமல் கிடந்ததோ அது போனது. சுண்டு அன்றைக்கு அழுதுகொண்டிருந்தாளாம். வாயை மூடிக்கொண்டு கிடந்திருந்தால் கார், மாடி வீடு, தனி அறை எல்லாம் தனக்கு வந்திருக்கும் என்பது அவளுடைய ஆறாத கணக்கு.

கொடுக்கும்போது பெரியம்மா ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாள். இனி அவள்தான் பட்டுவுக்கு அம்மா. பெற்றவள் சித்தி. சித்தி சித்தியாகவே இருக்கவேண்டும், நடுவில் ஒட்டும் உறவும் கூடாது. அம்மாவும் தலையாட்டினாள். அன்று ஆட்டிய தலையை இன்றுவரை நிமிர்த்தவில்லை.

"நல்லாருக்குடி," என்றாள் அம்மா, வேலைக்குக் கிளம்பிக்கொண்டே.

"இருக்கும். பட்டுவோடதாச்சே."

அம்மா அதைக் காதில் வாங்காத மாதிரி செருப்பைத் தேடினாள். "இன்னிக்கு வியாழக்கிழமை. உனக்கு லேப். ரொட்டி கட்டி வச்சிருக்கேன், எடுத்துட்டுப் போ. சாப்பாட்டுக்கூடத்துக்கு வர நேரம் இருக்காது உனக்கு."

"தெரியும்மா. எதுக்கு இத்தனை தடவை சொல்றே?"

"பொறந்த நாளும் அதுவுமா பட்டினி கிடக்கக் கூடாதுல்ல, அதான்."

அம்மா போனதும் சுண்டு ரொட்டிப் பொட்டலத்தை முறைத்துப் பார்த்தாள். பட்டுவுக்கு இன்றைக்குக் கேக். எனக்கு ரொட்டியா? வேண்டுமென்றே சமையல் மேடையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

அக்காவும் தங்கையும் படிப்பது ஒரே கல்லூரி. பாடம் வேறு, கட்டடம் வேறு. தலை வாரும் விதமும் வேறு. பட்டு முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டு மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாள், சுண்டுவுக்கு ஒற்றைப் பின்னல். "யாரது, உன் மாதிரியே இருக்கா?" என்று சிநேகிதிகள் கேட்டபோது, "தூரத்துச் சொந்தம்," என்று பட்டு சொல்லியிருந்தாள். அது சுற்றி வளைத்துச் சுண்டுவின் காதுக்கு வந்து, இன்னும் அங்கேயே முள்ளாக உட்கார்ந்திருக்கிறது.

சாப்பாட்டுக்கூடமும் ஒரே கட்டடம்தான். ஆனால் மாடி ஒரு உலகம், கீழ்த்தளம் இன்னொரு உலகம். மேலே சாய்ந்துகொள்ள முதுகு வைத்த நாற்காலி, பீங்கான் தட்டு, தினம் ஒரு பட்டியல் எழுதும் பலகை. சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போகலாம். கீழே தரையோடு முடுக்கிய பெஞ்சு, குழி குழியாகத் தடுத்த பிளாஸ்டிக் தட்டு. பலகையில் 'சோறு, பருப்பு, காய், முட்டை' என்று பெயின்டாலேயே எழுதிவிட்டார்கள். மாறினால்தானே அழிக்க வேண்டும்! தின்ற தட்டைத் தானே கழுவி அடுக்கவேண்டும்.

இரண்டு வாசலிலும் முகம் பார்க்கும் இயந்திரம் வைத்திருந்தார்கள். மேலே இருக்கும் இயந்திரத்துக்குக் காசு கட்டியவர்களின் முகம் தெரியும். கீழே இருப்பதற்குக் கட்டண விலக்குப் பிள்ளைகளின் முகம் மட்டும் தெரியும். மேலே போனால், "வணக்கம், நன்றாகச் சாப்பிடுங்கள்," என்று ஒரு பெண்குரல் குழையும். கீழே அதே பெண், அதே குரல், "கட்டண விலக்கு. வழங்கலாம்," என்று ஊருக்கே கேட்கும்படி அறிவிக்கும். அந்த மூன்று சொல்லையும் கேட்கும்போதெல்லாம் சுண்டுவுக்குக் காது மடல் சூடாகும்.

ஆனாலும் கீழே அவளுக்கென்று ஒன்று இருந்தது. பருப்பு அண்டாவுக்குப் பின்னால் கரண்டி பிடித்து நிற்பது அம்மா. மற்ற பிள்ளைகளுக்கு மேலாக மொண்டு ஊற்றும் கை, சுண்டுவின் தட்டு வந்தால் மட்டும் அண்டாவின் அடி வரைக்கும் போய்த் துழாவி வரும். யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும். பட்டுவிடம் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும், இது இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் சுண்டு தினமும் அந்த வரிசையில் நிற்பாள்.

அன்றைக்கு லேப் நடக்கவில்லை. ஏதோ குழாய் வெடித்து அறை முழுக்கத் தண்ணீர். "போங்க, போய்ச் சாப்பிடுங்க," என்று விரட்டிவிட்டார்கள். சுண்டுவுக்கு ஒரே குஷி. திடீரென்று போய் நின்றால் அம்மா முகம் எப்படி மலரும்! பிறந்த நாள் என்று நைசாக ஒரு முட்டை கூடத் தள்ளுவாள். நடையே துள்ளலாகிவிட்டது.

வாசலில் முகத்தைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"கட்டண விலக்கு. ஏற்கெனவே வழங்கப்பட்டது."

தள்ளி நின்று மறுபடி காட்டினாள். மறுபடி அதே பாட்டு. பக்கத்து மேசையிலிருந்து மேற்பார்வையாளர் எழுந்து வந்தார்.

"என்னம்மா, ரெண்டாவது ரவுண்டா?"

"இல்ல சார், நான் இப்பதான் வர்றேன்."

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா? உன் மூஞ்சியைப் பார்த்துத்தானே சொல்லுது, சாப்பிட்டாச்சுன்னு. உன் மூஞ்சியை யாராவது இரவல் வாங்கிட்டுப் போனாங்களா?"

வரிசை சிரித்தது. சுண்டுவுக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

"ஓசிச் சோறுன்னா ஒரு அளவு வேணாம்? இன்னொரு தடவை இப்படி வந்தே, விலக்கையே ரத்து பண்ண எழுதிப் போட்டுருவேன். ஓரமா நில்லு, அடுத்த ஆள் வரட்டும்."

மேல்கூடத்தில் ஒருவன் நாலு தடவை போய் அள்ளிக்கொண்டு வந்தால் அவனுக்கு நல்ல பசி. கீழ்க்கூடத்தில் இரண்டாம் தடவை எட்டிப் பார்த்தால் திருட்டு. இதற்கு யார் சட்டம் எழுதினார்களோ, அவர்கள் பசித்து நின்றதே இல்லை.

சுண்டு அம்மாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. 'அவ என் பொண்ணு சார், பொய் சொல்ல மாட்டா.' சொல்லலாம் அல்லவா?

அம்மா சொல்லவில்லை. அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த தட்டில் பருப்பை ஊற்றினாள். ஊற்றுவதற்கு முன்னால் மட்டும், அவளை அறியாமல், அவள் பார்வை கை கழுவும் தொட்டி ஓரத்து மூலைக்குப் போய் வந்தது.

சுண்டுவின் பார்வையும் போனது.

மூலை பெஞ்சில் இன்னொரு சுண்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதே நெற்றி, அதே மூக்கு. முடியை இறுக்கிப் பின்னால் கட்டியிருந்தாள். தட்டுக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடி மடித்து வைத்திருந்தது.

அடிப்பாவி!

மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துச் சுண்டு உள்ளே நுழைந்து மூலைக்குப் போனாள்.

"எந்திரிடி."

பட்டு நிமிர்ந்தாள். வாயில் சோறு. "உனக்கு இன்னிக்கு லேப்தானே?"

முதலில் வந்த வார்த்தையே அதுதான். அப்படியானால் இது இன்றைக்குத் தொடங்கியது இல்லை.

"எத்தனை வியாழக்கிழமையா நடக்குது இது?"

பட்டு தட்டைப் பார்த்தாள்.

"மேல உனக்கு வறுத்த கோழி இருக்கு, ஜூஸ் இருக்கு, சாஞ்சு உக்கார நாற்காலி இருக்கு. இந்தப் பருப்புத் தண்ணியையும் விட்டுவைக்க மாட்டியா?"

"நான் பருப்புக்காக வரல."

"தெரியும். அதான் எரியுது எனக்கு."

பட்டு மெல்லச் சொன்னாள், "உனக்கென்ன? வீட்டுக்குப் போனா இருக்காங்க. தூங்கி முழிச்சா இருக்காங்க. எனக்கு வரிசையில நின்னு தட்டை நீட்டுற நேரம் மட்டும்தான். ஒரு கரண்டி ஊத்துற நேரம். கொஞ்சம் கூட நின்னா பின்னாடி இருக்கிறவ இடிக்கிறா. உன்னைப் பார்த்தா எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கும் தெரியுமா?"

பொறாமை என்பது தன் ஒருத்தியின் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தாள் சுண்டு. அதிலும் இவள் பங்கு கேட்கிறாளே!

"அவ்வளவு பாசம் இருக்கிறவ, என்னைத் தூரத்துச் சொந்தம்னு எதுக்குச் சொன்னே?"

"கூடப்பொறந்தவன்னு சொன்னா, அப்போ அம்மா யாருன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

அதற்குள் அம்மா கரண்டியோடே வந்துவிட்டாள். "சுண்டு, சத்தம் போடாதே. சார் பார்க்கிறாரு."

"உனக்குத் தெரியுமா இது? தெரிஞ்சேதான் போடுறியா?"

"பெத்தவளுக்கு எது எதுன்னு தெரியாதா? மெஷினைத்தான் ஏமாத்த முடியும்."

"அந்த ஆளு அத்தனை பேரு முன்னாடி என்னைத் திருடின்னு சொன்னாரு. நீ வாயைத் திறக்கல."

"திறந்தா இவ மாட்டிக்குவாடி. உன் பெரியம்மா காதுக்குப் போயிரும். வாக்குக் கொடுத்திருக்கேன். தெரிஞ்சா மறுநாளே வேற காலேஜுக்குக் கூட்டிட்டுப் போயிருவா. கண்ணால பார்க்கிறதுகூட இல்லாம போயிரும் எனக்கு." அம்மாவின் குரல் கம்மியது. "யாருகிட்டயும் சொல்லிராதே, சுண்டு. அவ சாப்பிட்டு எந்திரிக்கட்டும். அவளுக்கும் இன்னிக்குத்தானே பொறந்த நாள்."

"எனக்கும்தானேம்மா?"

"உனக்கு நான் இருக்கேன்ல."

ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது அவள் கண் சுண்டுவின் மேல் இல்லை, பட்டுவின் தட்டின் மேல் இருந்தது. சுண்டுவும் தட்டைப் பார்த்தாள். பருப்பு கெட்டியாக இருந்தது, அண்டாவின் அடியிலிருந்து அள்ளிய பருப்பு. பக்கத்தில் இரண்டு முட்டை.

பட்டு தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "நீ சாப்பிடு. நான் இன்னும் முட்டையைத் தொடல."

"உன் எச்சில் துணியைப் போட்டிருக்கேன், போதும். எச்சில் சோறு வேறயா?"

சொல்லிவிட்டுச் சுண்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள். பசி காதை அடைத்தது. அதைவிட, அம்மா தன்னைத் தடுத்துக் கூப்பிடுவாள் என்று வாசல் வரைக்கும் எதிர்பார்த்தது அவமானமாக இருந்தது. திரும்பிப் பார்த்தபோது அம்மா பட்டுவின் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மாடிப்படி எதிரிலேயே இருந்தது. என் சோற்றை அவள் தின்னலாம் என்றால், அவள் சோற்றை நான் தின்றால் என்ன? ஏறிவிட்டாள்.

மேல் வாசலில் முகத்தைக் காட்டியதும் பச்சை எரிந்தது. "வணக்கம், நன்றாகச் சாப்பிடுங்கள்." காவலுக்கு நின்றவர் சுண்டுவின் பின்னலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. பச்சை விளக்கைப் பார்த்தார், சலாம் வைத்தார். கீழே மூஞ்சி, மேலே முகம்; இவ்வளவுதான் சமாசாரம்.

கோழி, வெண்ணெய் தடவிய ரொட்டி, நறுக்கின பழம் என்று தட்டு நிறைய அள்ளினாள். ஜன்னலோரம் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆத்திரத்தில் தொண்டைக்குள் இறங்காது என்றுதான் நினைத்தாள். இறங்கியது. ருசியாகவும் இருந்தது. அத்தனை ருசியாக இருந்ததே அவளுக்குப் பொறுக்கவில்லை. இதையெல்லாம் தினம் வைத்துக்கொண்டுமா கீழே வந்து என் கரண்டிக்குக் கை நீட்டுகிறாள்?

இரண்டாவது துண்டைக் கடிக்கும்போது தோளில் ஒரு கை விழுந்தது.

"பட்டுக்குட்டி! தனியாவா உக்காந்திருக்கே என் செல்லம்?"

பெரியம்மா. கையில் கேக் பெட்டி. மகளை அசத்தவேண்டும் என்று சொல்லாமல் வந்திருக்கிறாள். பின்னல் முன்பக்கம் கிடந்ததால், தான் வாங்கிக்கொடுத்த நீலச் சட்டையைப் பின்னாலிருந்து பார்த்து ஏமாந்திருக்கிறாள்.

சுண்டு திரும்பினாள்.

"அட, சுண்டுவா?"

அவ்வளவுதான் சொன்னாள். முகம் கறுக்கவில்லை, சிரிப்புக்கூட அப்படியே இருந்தது. ஆனால் 'பட்டுக்குட்டி'யில் இருந்த வெல்லம் 'சுண்டுவா'வில் இல்லை. தோளில் இருந்த கை, சுடுபாத்திரத்தைத் தொட்டது போல விலகியது.

"சட்டை உனக்கும் நல்லா பொருந்துதே. ஆமா, நீ எப்படி இங்கே? உன்னை யாரு மேல விட்டாங்க?"

தப்பான எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டாள். பெரியம்மா பொல்லாதவள் இல்லை. ஆனால் சற்று முன்புதான் கீழ் வாசலில் நின்று பதில் சொன்னவளுக்கு அந்தக் கேள்வி போதும்.

"பட்டு எங்கேம்மா? அவ ஃபிரெண்ட்ஸ் எல்லாம் அங்க காத்திட்டிருக்காங்க. போன் எடுக்க மாட்டேங்கிறா."

தெரியாது என்று சொல்லலாம். லைப்ரரியில் பார்த்தேன் என்று சொல்லலாம். அம்மாவின் கம்மிய குரல் ஞாபகம் வந்தது. 'யாருகிட்டயும் சொல்லிராதே, சுண்டு.' கூடவே அந்த இரண்டு முட்டையும் ஞாபகம் வந்தது. டம்ளரில் ஊற்றிய தண்ணீர் ஞாபகம் வந்தது.

"கீழ இருக்கா," என்றாள் சுண்டு. வாயைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க அம்மா கையால சாப்பிட்டுட்டு இருக்கா."

பெரியம்மா புரியாமல் சிரித்தாள். "அம்மா நான் இங்க நிக்கிறேன். எந்த அம்மாடி?"

"பெத்த அம்மா. ஒவ்வொரு வியாழக்கிழமையும்."

பெரியம்மாவின் சிரிப்பு ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு கேக் பெட்டியை மேசை மேல் வைத்தாள். நேராக வைத்தாளா என்று பார்த்து, விளிம்பிலிருந்து உள்ளே நகர்த்தினாள். படியை நோக்கி நடந்தாள்.

அப்போதுதான் சுண்டுவுக்கு உறைத்தது. மாடி வீடு பட்டுவுக்கு, கார் பட்டுவுக்கு, கேக் பட்டுவுக்கு. அம்மா மட்டும் எனக்கு. இத்தனை காலம் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் பிடித்துவைத்திருந்த அந்த ஒன்றை, 'அவங்க அம்மா' என்று தன் வாயாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டாள். கொடுத்த கையோடு அம்மாவையும் காட்டிக்கொடுத்துவிட்டாள்.

நாற்காலி சாய ஓடினாள். "பெரியம்மா! நில்லுங்க பெரியம்மா. ஏதோ கோவத்துல பொய் சொல்லிட்டேன். அவ கீழ இல்ல."

பெரியம்மா பாதிப் படியில் நின்றாள். கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். திரும்பியபோது அவள் கண் நிறைந்திருந்தது.

"பொய் சொன்னா அந்த முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டி. பத்தொன்பது வருஷமா அந்த முகத்தைப் பார்த்துத்தானே வளர்த்துட்டு இருக்கேன். முன்ன சொன்னப்ப நீ பொய் சொல்லல. இப்பதான் சொல்றே."

சொல்லிவிட்டு, மீதிப் படிகளில் இறங்கத் தொடங்கினாள்.